வெள்ளிக்கிழமை இருமல்

ரைமருக்கு முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாள்கூட உடம்பு முடியாமல் போனதில்லை. போயிருக்கும், அவர் ஒத்துக்கொண்டதில்லை, அவ்வளவுதான். துறைமுகத்தில் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர் வேலை. காய்ச்சலோடு தகடு ஒட்டியிருக்கிறார், பல்வலியோடு ஒட்டியிருக்கிறார். விடுப்புச் சீட்டு வாங்குகிறவர்களை அவர் மனிதர்களிலேயே சேர்த்துக்கொள்வதில்லை.

அதனால் அந்த மார்ச் மாத வெள்ளிக்கிழமை காலையில் மகன் ஹவுக்கே இருமிக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தபோது, ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை அவர் நிறுத்தவில்லை.

"அப்பா, நெஞ்செல்லாம் அடைக்குது. கொரோனாவால இந்த வாரத்துலேருந்து டாக்டருக்குப் போன் பண்ணினாலே சீட்டுக் குடுத்துடறாங்களாம். பரீட்சையை அடுத்த தடவை எழுதிக்கட்டுமா?"

"எதுக்கு? வெறும் இருமல். இதுக்கெல்லாம் வீட்டுல படுத்தா கப்பலை யாருடா கட்டுறது? போய் எழுதிட்டு வா, தொல்லை விட்டுது."

தொல்லை சாதாரணத் தொல்லை இல்லை. கப்பல் வடிவமைப்புப் படிப்பில் நீரோட்டக் கணக்குப் பாடம். ஹவுக்கே இரண்டு முறை தோற்றிருந்தான். மூன்றாவதுதான் கடைசி. அதிலும் போனால் நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் அந்தப் படிப்பைத் தொட முடியாது. மகன் வரைந்த கப்பலுக்குத் தான் தகடு ஒட்ட வேண்டும் என்று ரைமர் மனசுக்குள் ஆசைப்பட்டிருந்தார். வாய்விட்டுச் சொன்னதில்லை.

தேர்வுக்கு முன் அரங்கத்தில் வழக்கம்போல் ஒரு அறிவிப்பு வாசிப்பார்கள்: உடம்பு முடியாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், உட்கார்ந்திருப்பவர் தான் நலம் என்று அறிவித்தவர் ஆவார். ஹவுக்கே இருமலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை காய்ச்சல் கொதித்தது. பதினைந்து நாள் படுக்கை. திங்கட்கிழமை ஊரே அடைபட்டது. ஒன்றரை மதிப்பெண் குறைந்து தேர்வு போயிற்று.

மே மாதம் பல்கலைக்கழகம் புது விதி போட்டது. தொற்றுக் காலத்தில் தோற்ற தேர்வுகள் எழுதாதவையாகவே கருதப்படும். மார்ச் பதினாறு, திங்கட்கிழமை முதல். தொற்று அன்றைக்குக் காலைதான் வேலையில் சேர்ந்தது போலும்! குறுக்கே ஒரு சனி, ஒரு ஞாயிறு. அவ்வளவுதான் தூரம்.

ஹவுக்கே தேர்வு அலுவலகத்துக்குப் போன் செய்தான். பேசியவர் டெட்லெஃப்சன் என்ற அம்மாள். சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரில் குரல் கேட்டது. எதிரே ரைமர், கையில் ரொட்டி.

"டாக்டர் சீட்டு இருக்கா?"

"திங்கட்கிழமை குடுத்தது இருக்கு, மேடம்."

"அது வெள்ளிக்கிழமைக்குச் செல்லாதேப்பா. அதோட, அரங்கத்துல கேட்டாங்க இல்ல? நீங்க எந்திரிக்கல."

"எந்திரிக்கல."

"ஏன்?" அந்த அம்மாள் கடமைக்குக் கேட்கவில்லை, குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "யாராவது கட்டாயப்படுத்தினாங்களா? அப்படின்னா எழுதிக் குடுங்க, தேர்வுக் குழுவுல வச்சுப் பாக்கறேன்."

ஹவுக்கே ஒருமுறை அப்பாவைப் பார்த்தான்.

"இல்ல மேடம். யாரும் இல்ல."

ரைமரின் கத்தி வெண்ணெயிலேயே நின்றுவிட்டது. மகன் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அவருக்கு அடி வாங்கியதைவிட வலித்தது.

அன்று சாயங்காலம் குழுவுக்கு அவரே கடிதம் எழுதினார். 'உடம்பு முடியவில்லை என்று மகன் சொன்னான். நான் நம்ப மறுத்தேன். தவறு என்னுடையது. அவனைத் தண்டிக்காதீர்கள்.' யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர், நான்கு முறை கிழித்துப்போட்டு எழுதினார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. இருபத்து மூன்று வயதானவர் தன் உடல்நிலைக்குத் தானே பொறுப்பு, முடிவில் மாற்றமில்லை. கூடவே, படிப்பிலிருந்து பெயர் நீக்கப்பட்ட சான்று.

மறு பிப்ரவரியில் நண்பன் யான்னெஸ் போன் செய்தான். அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தேர்வுக்கு வராமல் இருந்தவன், ஜூலையில் எழுதித் தோற்றான், புது விதியால் அது கணக்கில் வரவில்லை, இப்போது தேறிவிட்டான்.

"மச்சான், அன்னைக்கு எனக்கு நோவும் இல்ல, ஒண்ணும் இல்லடா. முந்தின நாள் குடிச்ச பீரு," என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"விடுடா. நல்லா வரைஞ்சு குடு, எங்கப்பா ஒட்டட்டும்," என்றான் ஹவுக்கே.

அவன் இப்போது கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். ஒருநாள் காலை இருமிக்கொண்டே இறங்கி வந்தான். ரொட்டியை எடுத்துக்கொண்டு காலணியை மாட்டினான். ரைமர் எழுந்து வழியை மறித்தார்.

"போகாதடா. உடம்பு முடியலன்னு தெரியுது. நானே டாக்டருக்குப் போன் பண்ணிச் சீட்டு வாங்கறேன்."

"வெறும் இருமல்தான்ப்பா."

ரைமர் காதில் விழாததுபோல் போனை எடுத்து எண்களை அழுத்தினார். ஹவுக்கே கோபப்படவில்லை, போனை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கி மேசைமேல் வைத்தான்.

"சீட்டு வாங்கி இனிமே எந்தப் பரீட்சைக்குப்பா குடுக்கப் போறேன்?"