பதினெட்டாவது பெயர்

1

இந்தக் கதை ஒரு பட்டியலில் பிறந்தது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், பத்து பாகாட் என்ற ஊரில் எங்கள் சங்கம் ஒரு நூல் போடுகிறது. ஜொகூர் மண்ணில் பிறந்து பேர் வாங்கிய தமிழர்கள் முப்பது பேர், ஆளுக்கு ஒரு பக்கம். டாக்டர்கள் அதிகம், வக்கீல்கள் அதைவிட அதிகம். எனக்கு வந்தது பதினெட்டாவது பெயர்: மலர், பாலோ, ஹாக்கி. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஹாக்கி மட்டையின் எந்தப் பக்கத்தால் அடிப்பார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆரம்பம் ஒன்று: ‘பாலோ தோட்டத்தின் ரப்பர் மரங்களுக்கு நடுவே துள்ளித் திரிந்த அந்தச் சிறுமி—’

அடித்துவிட்டேன். துள்ளினாரா என்று எனக்கென்ன தெரியும்? இந்த வரியை முப்பது பேரில் இருபது பேருக்கு ஒட்டிவிடலாம்.

ஆரம்பம் இரண்டு: ‘1988 இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், உள்ளே போக வேண்டிய பந்தைத் தடுத்து மாநிலத்துக்குக் கோப்பையை—’

இதைப் பாதியில் விட்டதற்குக் காரணம் வேறு.

2

மலருக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. சட்டை தைக்கும் ஒரு தொழிற்சாலையில், தைத்து வரும் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலை. சனிக்கிழமை மதியம் எதிரே இருந்த கோப்பிக் கடையில் சந்தித்தோம். பேசும்போதே என் சட்டைக் கையின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலைப் பிடித்து அறுத்துவிட்டார்.

கோல்கீப்பருக்கான கால் கவசம் ஆண்கள் அணியிடம் இரவல் வாங்கியது என்றார். நனைந்தால் நடக்கவே முடியாதாம். அன்று பெருமழை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜொகூர் முன்னணியில் இருந்தது. எதிரணி வடக்கே ஒரு மாநிலம். (எதுவென்று சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு உறவினர்கள் இருக்கிறார்கள்.) கடைசி நிமிடத்தில் அவர்களுடைய ஆட்டக்காரி ஷாமளா அடித்த பந்து சேற்றில் சறுக்கி வந்தது. மலர் அதன் மேல் விழுந்தார். நடுவர் ஊதவில்லை. ஆட்டம் முடிந்தது.

இதெல்லாம் பழைய செய்தித்தாளிலும் இருந்தது. விழுந்த பிறகு என்ன ஆனது என்று கேட்டேன். ஹாக்கி தெரியாதவள் கேட்கும் கேள்விதான் அது.

அவர் கோப்பியைக் கலக்குவதை நிறுத்தினார்.

“டீச்சர், அந்தப் பந்து உள்ள போயிருச்சு. நான் கோட்டுக்குப் பின்னாலதான் விழுந்தேன். விழுந்தபடியே வயித்துக்கடியில வெச்சு வெளிய இழுத்துட்டேன்.”

நடுவருக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஷாமளா மட்டும் பார்த்துவிட்டார். ஓடிப்போய் நடுவரிடம் மன்றாடினார். ஒழுங்கீனம் என்று அட்டை காட்டி வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவர் ஆடவே இல்லை என்று மலர் கேள்விப்பட்டிருக்கிறார்.

3

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. முப்பத்தேழு வருடம் வாயைத் திறக்காதவர் இன்று ஏன் சொல்கிறார்?* கேட்டேன். பேப்பரில் வந்தது மறுநாள் நாசிலெமாக் சோற்றுப் பொட்டலமாகிவிட்டது, புத்தகம் அப்படியில்லை, பிள்ளைகள் படிக்கும் என்றார்.

* பெருமைக்காகச் சொல்கிறாரோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். உண்மையைச் சொல்பவரைப் பார்த்தால் நமக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்று தெரியவில்லை.

சங்கத் தலைவர் தியாகராஜா ஐயாவிடம் போனேன். கல்வி இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், நிதானமானவர். முப்பது பேரில் பெண்கள் நால்வர், அதில் தோட்டத்திலிருந்து வந்தவர் ஒரே ஒருத்தி, அவளையும் நாமே இறக்குவதா என்று கேட்டார். அன்று அவரும் மைதானத்தில் குடையோடு நின்றிருந்தாராம்.

“நான் கைதட்டினேனம்மா,” என்றார். “அதையும் இல்லையென்று எழுதப் போகிறீர்களா?”

4

அடுத்த சனிக்கிழமை இதை மலரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். (கோபப்படும் ஒரு பத்தியை முன்கூட்டியே எழுதியும் வைத்திருந்தேன்.) அவர் கைப்பேசியை எடுத்தார். ஷாமளாவின் எண் நான்கு வருடமாக அதில் இருந்ததாம். பழைய ஆட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தது. ஒருமுறைகூட அழைத்ததில்லை.

அழைத்தார்.

“அக்கா, நான் மலர். ஜொகூர் கோல்கீப்பர். அன்னைக்கு நீங்க அடிச்ச பந்து உள்ள போயிருச்சு. நான்தான் வெளிய இழுத்தேன்.”

பிறகு ஏழு நிமிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கத்துப் பேச்சு ஒரு சொல்கூட என் காதில் விழவில்லை. இரண்டு முறை “ம்” என்றார். ஒரு முறை, “இல்லக்கா, மழை மேல பழி போடல.”

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். ஷாமளா என்ன சொன்னார் என்று கேட்க வாயெடுத்தேன்.

“அது எங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும் டீச்சர். நீங்க பக்கத்த எழுதுங்க. அந்தப் பக்கத்துல அவங்க பேரும் இருக்கணும்.”

இரண்டுக்கும் சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

5

எழுதினேன். தியாகராஜா ஐயா இரண்டு தடவை படித்தார். எதையும் அடிக்கவில்லை. கடைசியில் தம் கையாலேயே ஒரு வரி சேர்த்தார்: ‘அன்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.’ நூல் அச்சுக்குப் போய்விட்டது. பதினெட்டாம் பக்கத்தில் இரண்டு பெயர்கள், அதில் ஒன்று ஜொகூர்க்காரருடையது இல்லை.

அந்த ஏழு நிமிடம்தான் மிச்சம்.

ஷாமளா மன்னித்தார் என்று ஒரு முடிவு எழுதினேன். அது என் ஆசை. வாய்க்கு வந்தபடி திட்டினார் என்று எழுதினேன். அப்படியானால் மலர் ஏன் மீதிக் கோப்பியைப் பொறுமையாகக் குடித்தார்? ஷாமளா எப்போதோ மறந்துவிட்டார், ‘எந்தப் பந்து?’ என்று கேட்டார் என்றும் எழுதிப் பார்த்தேன். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மூன்றையும் கிழித்துவிட்டேன். மலர் எனக்குச் சொல்லாததை நான் உங்களுக்குச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே. கைப்பேசியைக் காதில் வையுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. அந்தப் பக்கம் ஒரு பெண் தொண்டையைச் செருமுகிறார், பிறகு—