கேமரா மட்டும் இருக்கட்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கற்றுக்குட்டி இல்லை. இபாடான் நகரத்தில் பதினேழு வருஷமாகக் கல்யாண வீடியோ எடுப்பவன். மொகோலா பக்கம் லேக்கன் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட என் ஸ்டுடியோவுக்கு வழி காட்டும். அப்படிப்பட்டவனுக்கு, உள்ளங்கை அகலம் இருக்கிற ஒரு ஹார்டு டிரைவ் அந்தப் புதன்கிழமை தண்ணி காட்டியது.

செருகினேன். நீல விளக்கு எரிந்தது. கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினேன். பின்பக்கம் செருகினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். பக்கத்துக் கடையிலிருந்து வேறு ஒயர் வாங்கி வந்து பார்த்தேன். அதற்குள் கரண்டு போய்விட்டது. ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு, என் மனைவி மொஜியின் லேப்டாப்பில் பார்த்தேன். அங்கேயும் அதே கதை. ஒயரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் விளக்கு சிமிட்டும், விட்டால் நின்றுவிடும். அவ்வளவுதான் அது எனக்குக் காட்டிய கருணை.

வேறு எந்தக் கல்யாணமாக இருந்தாலும் இப்படிப் பதறியிருக்க மாட்டேன். இது மொரெனிகேயின் கல்யாணம்.

அவளுக்கு ஐந்து வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா அலாடே பாபா டயர் கடை வைத்து அவளைத் தனியாளாக வளர்த்தார். போன மாதம் கல்யாணம். மண்டபத்துக்குக் கிளம்பும் முன், காலையில் வீட்டு உள்ளறையில் பாபா மகளைக் கூப்பிட்டு முன்னால் மண்டியிட வைத்தார். அத்தைகள், தோழிகள், தலைத்துணி கட்டிவிட வந்தவள் எல்லாரும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எல்லாரும் வெளிய போங்க. கேமரா மட்டும் இருக்கட்டும்" என்றார் பாபா.

எல்லாரும் போனார்கள். பாபா அவள் தலைமேல் கை வைத்து ஏழெட்டு நிமிஷம் ஜெபம் பண்ணினார். நான் எடுத்தேன். அந்த அறையில் இருந்தது நாங்கள் மூன்று பேர்தான்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, டயர் கடை வாசலிலேயே பாபா சரிந்து, அங்கேயே போய்விட்டார். மறுநாள் மொரெனிகே போன் பண்ணினாள்.

"லேக்கன் அண்ணே, அந்த ஜெபம் உங்ககிட்ட இருக்குல்ல?"

"இருக்கும்மா. அது எங்க போகப்போகுது?"

"அன்னைக்கு தலையில கெலேத் துணியை இறுக்கிக் கட்டி என் ரெண்டு காதையும் அடைச்சு வெச்சிருந்தாங்க அண்ணே. துணி சரசரன்னு சத்தம். அதோட அழுகை வேற. அப்பா என்ன சொன்னாருன்னே எனக்குக் கேக்கல. வீடியோவுல பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அடக்கம். அதுக்கு முன்னாடி ஒரு தடவ கேக்கணும்."

மெமரி கார்டில் இருக்காதா என்று கேட்பீர்கள். இருக்காது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை விசேஷம் நடக்கிற ஊர் இது. டிரைவில் ஏற்றிவிட்டு கார்டை அழித்து, அதன்மேல் மூன்று கல்யாணம் எடுத்தாகிவிட்டது. இரண்டாவது பிரதி? வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. போங்கள்!

டுக்பே சந்தையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிற கசீம் என்று ஒருத்தன் இருக்கிறான். செத்த போனையும் எழுப்பி உட்கார வைப்பான். வாய்தான் ஆகாது. ஆனால் அது பக்ரீத் வாரம், கடையைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் போயிருந்தான். போன் போட்டேன்.

"அண்ணே, நான் ஆட்டுக்கு முன்னாடி கத்தியோட நிக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்க."

சொன்னேன்.

"இனிமே அதைச் சொருகிச் சொருகிப் பாக்காதீங்க. துணியில சுத்தி அலமாரியில வைங்க. திங்கக்கிழமை வந்துடுவேன். அதுவரைக்கும் கை வைக்கவே கூடாது. கேக்குதா? உங்க கைய எனக்குத் தெரியும்."

திங்கட்கிழமைக்கு ஐந்து நாள் இருந்தது. அடக்கம் அதற்கும் நாலு நாள் கழித்து. கணக்குப் போட்டுப் பார்த்தால் தாராளமாக நேரம் இருந்தது. ஆனால் ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. வியாழக்கிழமை முழுக்க நான் சாப்பிடவில்லை. மொஜி வறுத்த வாழைப்பழத்தைத் தட்டில் வைத்து முன்னால் தள்ளினாள், நான் திருப்பித் தள்ளினேன்.

"இப்படி மூஞ்சியத் தொங்கப்போட்டு உக்காந்தா அது வேலை செஞ்சிடுமா? நாளைக்கு ஜெபக் கூட்டம் இருக்கு. பாஸ்டர்கிட்ட கொண்டு போலாம் வாங்க" என்றாள்.

சிரிக்காதீர்கள். எங்கள் சபையில் இது புதிது இல்லை. வருஷப் பிறப்புக்குத் தையல் மெஷின், முடி வெட்டுகிற மெஷின், டாக்சிச் சாவி, எல்லாம் பலிபீடத்துக்கு முன்னால் வரிசையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் எண்ணெய் பூசி ஜெபம் பண்ணுவார் அயோடேஜி பாஸ்டர். என் முதல் கேமராவுக்கும் அவர்தான் பூசினார், அது பன்னிரண்டு வருஷம் ஓடியது. மனுஷன் தங்கமானவர். அன்றைக்கும் டிரைவைக் கையில் வாங்கி, விஷயத்தைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டார்.

"சபையே, இந்தப் பெட்டிக்குள்ள ஒரு தகப்பனோட குரல் மாட்டிக்கிட்டு நிக்குது. தாயில்லாத பிள்ளை அது. எல்லாரும் எழுந்திரிங்க!"

கேமராவுக்கு ஒரு சொட்டுதான் பூசினார். இதற்கு மனசு இளகி, பாட்டிலைச் சாய்த்தே விட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். வேண்டாம் பாஸ்டர் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நூற்றிருபது பேர் கண்ணை மூடிக்கொண்டு யாரோ பெற்ற பிள்ளைக்காகக் கத்துகிறார்கள். அங்கே எப்படிச் சொல்வது? நானும் கண்ணை மூடிக் கத்தினேன். எண்ணெயில் ஊறியபடி அரை மணி நேரம் அது பலிபீடத்தில் கிடந்தது.

அப்புறம் துணியால் துடைத்துக் கொடுத்து, "இப்ப சொருகுப்பா" என்றார்.

மொஜியின் லேப்டாப்பில் செருகினேன். ஒயரைச் சாய்த்துப் பிடித்தேன். டிரைவ் உறுமியது. திரையில் வந்துவிட்டது! பெயர்கள் வரிசையாக வந்தன. நடுவில் 'மொரெனிகே' என்று நான் எழுதியதே இருந்தது. மொஜி அலறினாள். பாஸ்டர் அல்லேலூயா என்றார், கூரைத் தகரம் அதிர்ந்தது. மேளக்காரன் அடிக்க ஆரம்பித்தான்.

ஒயர் அசையாமல் இருக்க மொஜி ஒரு பைபிளை முட்டுக் கொடுத்தாள். என்னை மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். சாட்சி சொன்னேன். சாட்சி சொன்னவன் ஆடாமல் இறங்கக்கூடாது, அது எங்கள் முறை. கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி ஆடினேன். ஆடிக்கொண்டே மொரெனிகேவுக்கு போன் போட்டேன்.

"வந்துடுச்சும்மா! அப்பா வந்துட்டாரு!"

அந்தப் பக்கம் அவள் அழுதாள். நானும் அழுதேன். பத்து நிமிஷம் இருக்கும். வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபோது டிரைவ் ஒரு சத்தம் போட்டது. டக். டக். டக். திரையிலிருந்து பெயர்கள் போய்விட்டன. அப்புறம் சத்தமும் நின்றுவிட்டது.

அவளைத் திரும்பக் கூப்பிட எனக்குத் துணிவில்லை. கோழை, வேறென்ன? திங்கட்கிழமை கசீம் சரி பண்ணிவிடுவான் என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் போனை அணைத்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை கசீம் கடையைத் திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். அவன் டிரைவைக் கையில் வாங்கி, விரலை விரலோடு தேய்த்து, மோந்து பார்த்தான்.

"இது என்ன அண்ணே? பொரிச்செடுத்தீங்களா?"

சொன்னேன். அவன் கிண்டல் பண்ணுவான் என்று நினைத்தேன். பண்ணவில்லை. மேல்கூட்டைக் கழற்றினான்.

"இந்தா பாருங்க. ஒயர் சொருகுற இடத்துல ரெண்டு கம்பிக் கால் விட்டுப்போயிருக்கு. அதான் சாய்ச்சுப் பிடிச்சா வருது. சால்டர் வெச்சா பத்து நிமிஷ வேலை."

"அப்ப வெச்சுடுப்பா!"

"இருங்க." டிரைவைத் திருப்பினான். "இங்க ஊசி முனை அளவுல ஒரு ஓட்டை. உள்ள காத்து போக வர. இது வழியா எண்ணெய் இறங்கியிருக்கு."

உள்மூடியையும் திறந்தான். கண்ணாடிபோல் இருக்க வேண்டிய தட்டில் வட்டவட்டமாகக் கீறல். ஓரத்தில் கறுப்புத் தூள்.

"எண்ணெய்க்கு அப்புறம் எவ்வளவு நேரம் ஓடுச்சு?"

"பத்து நிமிஷம் இருக்கும்."

"திரையில வந்துச்சா?"

"வந்துச்சு."

"காப்பி பண்ணீங்களா?"

"ஆடினேன்" என்றேன்.

கசீம் என்னையே பார்த்தான். பிறகு ஸ்க்ரூ டிரைவரை மேஜைமேல் வைத்தான். "உள்ளதும் போச்சுடா நொள்ளக்கண்ணா" என்று மெதுவாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தட்டைப் படம் எடுத்து லாகோஸில் தெரிந்த ஒருவனுக்கு அனுப்பினான். இரண்டே நிமிஷத்தில் பதில் வந்தது. எங்கே கொண்டுபோனாலும் எடுக்க முடியாது, வீணாக அலையாதீர்கள் என்று.

"லேக்கன் அண்ணே!"

திரும்பினேன். கடை வாசலில் மொரெனிகே. கறுப்பு உடை. கையில் ஒரு பென் டிரைவ்.

"உங்க போன் ஆஃப்ல இருந்துச்சு. மொஜி அண்ணிதான் இங்க இருப்பீங்கன்னு சொன்னாங்க. இதுல போட்டுக் கொடுங்க அண்ணே, ராத்திரி வீட்ல தனியா உக்காந்து கேப்பேன்."

கசீம் கீறல் விழுந்த தட்டின்மேல் துணியைப் போட்டு மூடினான். அவள் அதைப் பார்த்துவிட்டாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். எண்ணெயைச் சொன்னேன், பத்து நிமிஷத்தைச் சொன்னேன், ஆட்டத்தையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கசீம் இழுத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தாள். பென் டிரைவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"சரி. நீங்க அங்கதானே இருந்தீங்க? காதுல ஹெட்போன் போட்டிருந்தீங்களே. நீங்க கேட்டதைச் சொல்லுங்க."

யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். பாபாவின் கை நினைவில் இருந்தது, டயர் மை போகாத நகங்கள். ஜன்னல் வெளிச்சம் அவள் பாசிமணி மேல் விழுந்தது நினைவில் இருந்தது. பாபா குரல் தாழ்த்திப் பேசினார், பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அந்த இரைச்சலை அப்புறம் எப்படி எடுப்பது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏழெட்டு நிமிஷமும் ஒலி அளவு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதான் பதிவாகிறதே!

"ஒரு வார்த்தையாவது அண்ணே."

"பேர் சொன்னாரும்மா" என்றேன். ஏதோ ஒன்று கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் குரல்கூட உயர்ந்தது. "ஆமா, உன் செல்லப் பேரைத்தான் சொன்னாரு. திரும்பத் திரும்ப. அபெக்கே, அபெக்கேன்னு."

அவள் கை நின்றது.

"அபெக்கே எங்க அம்மா பேரு" என்றாள்.

கசீம் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பா அம்மாகிட்ட பேசியிருக்காரு. அதான் எல்லாரையும் வெளிய போகச் சொல்லியிருக்காரு." அவள் ஸ்டூலை விட்டு இறங்கி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "என்னைப் பத்தி அம்மாகிட்ட என்ன சொன்னாரு அண்ணே? என்ன சொன்னாரு?"

எனக்குத் தெரியவில்லை. தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அன்று அந்த அறையிலும் எனக்கு அது மட்டும்தான் கேட்டது.