ஒரு முழம் வெறுஞ்சுவர்

சங்கவிக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. டீக்கடையில் பாலைக் கொதிக்க வைத்தார்களா என்று எட்டிப் பார்ப்பாள். கோயிலில் விபூதி கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பூசிக்கொள்வாள். இப்படி ஆனதற்குக் காரணம் தியாகதுருகத்துக் கலைவாணன். ஏழு வருஷம் அவரிடம் பள்ளிக்கூடச் சுவர்களுக்குப் படம் வரைந்தாள். வெயிலில் சாரத்தின்மேல் நின்று மயிலும் மானும் அவள் வரைவாள். ஒரு மூலையை மட்டும் காலியாக விடச் சொல்லுவார். கடைசி நாள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, அந்தக் காலி இடத்தில் ‘ஓவியர் கலைவாணன்’ என்று எழுதி, கீழே செல் நம்பரும் போட்டுவிட்டுப் போவார். கள்ளக்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் அத்தனை மயிலும் அவர் பெற்ற பிள்ளைகள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சங்கவி விலகி வந்தாள்.

அதற்குப் பிறகு வந்த பெரிய வேலை, மலைமேல் கரியாலூரில் ஸிப்போரா அம்மாள் வாங்கியிருந்த வீடு. அந்த அம்மாள் பம்பாயில் பிறந்து பெரம்பூரில் முப்பது வருஷம் இருந்தவர், யூதப் பெண்மணி. “வேதக்காரங்களா?” என்று டீக்கடைப் பழனி கேட்டதற்கு, “அவங்களுக்கும் முன்னாடி” என்று சொல்லிச் சிரித்தாராம்.

“கூடத்துச் சொவரு முழுக்க உன்னுது” என்றார் சங்கவியிடம். “இந்த மல உன் கண்ணுக்கு எப்பிடித் தெரியுதோ, அப்பிடிப் போடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

இப்படி ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. சங்கவி அந்தச் சுவரை ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் அடுத்த பேச்சிலேயே அந்தச் சந்தோஷம் போயிற்று.

“வாசலுக்கு நேரா ஒரு முழத்துக்கு ஒரு முழம் பூசாம வுட்டிருக்கேன் பாரு, அதத் தொடாத. செங்கல்லு தெரியணும். அப்பறம், வெள்ளிக்கெழம பொழுது சாய்ஞ்சா பிரஷ்ஷ கீழ வெச்சிரு. சனிக்கெழம நட்சத்திரம் வர்ற வரைக்கும் இந்த வூட்ல வேல கெடையாது.”

“சரிங்க மேடம்” என்றாள் சங்கவி. காலி இடமா! யார் பெயர் போடுவதற்கு? அதுவும் உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிற இடம். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பொய்தான் வரும் என்பது அவள் கணக்கு.

வெள்ளிக்கிழமை, இலை ஒன்று பாதியில் நிற்கும்போதே அந்த அம்மாள் அவளைச் சாரத்திலிருந்து இறக்கிவிட்டார். “இன்னும் பாதி எலைதாங்க, முடிச்சிர்றேன்” என்று கெஞ்சியும் நடக்கவில்லை. “உலகத்தப் பண்ணவரே ஏழாம் நாள் கைய எடுத்துட்டாரு. உன் எலைக்கு இன்னா அவசரம்?” என்றார். நம்மை அனுப்பிவிட்டுச் சனிக்கிழமை இங்கே என்ன நடக்கிறது என்ற புழு அன்றைக்கே சங்கவியின் மண்டைக்குள் நுழைந்துவிட்டது.

மூன்றாம் வாரம் சுவரில் சாமை வயலும் கடுக்காய் மரங்களும் எழும்பிவிட்டன. அப்போதுதான் பழனி டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னான். “உங்க பழைய வாத்தியாரு நேத்து பைக்குல வந்தாரு. அந்தம்மா வூட்டு வாசல்ல ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தாரு.”

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டாள். இந்த மலையையும் அவர் தின்றுவிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை தன் ஊர் நைனார்பாளையத்தில் வீட்டில் இருக்க முடியாமல் பஸ் ஏறிவிட்டாள். கையும் களவுமாகப் பிடிக்கவேண்டும். கரியாலூர் வீட்டில் கதவு திறந்திருந்தது. பைக் இல்லை, கலைவாணன் இல்லை. ஸிப்போரா அம்மாள் உள் அறையில் மதியத் தூக்கத்தில் இருந்தார். அந்த ஒரு முழம் செங்கல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்று வரவில்லை என்றால் நாளை வருவார். அவருக்கு முன்னால் இந்த இடத்தை நாம் பிடித்துக்கொள்வோம். சங்கவி பெயின்ட் டப்பாவைத் திறந்தாள்.

சாமைக் கட்டைத் தலையில் சுமந்துகொண்டு திரும்பிப் பார்க்கிற ஒரு பெண். செங்கல்லின் சிவப்பே அவள் நிற்கும் மண்ணாயிற்று, அதன் சொரசொரப்பே அவள் முழங்கையில் தோலாயிற்று. கோபத்தில் ஓடிய கை எங்கும் தடுமாறவில்லை. ஏழு வருஷ மயில்களில் ஒன்றுகூட இதன் பக்கத்தில் நிற்காது. அடியில் கொட்டை எழுத்தில் ‘சங்கவி’ என்று எழுதினாள்.

பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. ஸிப்போரா அம்மாள் நின்றிருந்தார்.

“கலைவாணன் பேரப் போடத்தான இந்த எடம்?” முந்திக்கொண்டாள் சங்கவி. “எனக்குத் தெரியும் மேடம்.”

“யாரு, பைக்குல வந்தவரா? வேல கேட்டாரு. ஆள் இருக்கு, பேரு சங்கவின்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“அப்ப இந்த எடம் இன்னாத்துக்கு?”

அந்த அம்மாள் மெல்ல உட்கார்ந்தார். “எங்க கோயில் ஒண்ணு இடிஞ்சி போச்சிமா, ரொம்ப காலத்துக்கு முன்னாடி. அத மறந்துட்டு வூட்ட முழுசா அழகு பண்ணிக்கினு ஒக்காரக் கூடாதுன்னு, எங்க ஜனங்க ஒரு முழம் சொவத்த வெறுமனே வுடுவாங்க.”

“மொதல்லயே சொல்றதுக்கு இன்னாங்க?”

“நீ கேக்கவே இல்லியே.”

சங்கவிக்கு முகம் சுருங்கிவிட்டது. இதுவும் கட்டிவிட்ட கதையோ என்று மனசின் ஒரு ஓரம் முனகியது. ஆனாலும் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு சுவரை நோக்கிப் போனாள்.

“வேணாம்” என்றார் அவர். “அழிக்கறதும் வேலதான். பொழுது சாயட்டும்.”

“காய்ஞ்சா வராதுங்க.”

“தெரியும். ஒக்காரு.”

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தாள். வரைந்த படத்தின் எதிரில் சும்மா உட்கார்ந்தது அவளுக்கு அன்றுதான் முதல் தடவை. ஒரு சுவர் முடிந்தால் அடுத்த சுவர் என்றுதான் ஓடியிருக்கிறாள். வெளிச்சம் குறையக் குறைய அந்தப் பெண்ணின் பார்வை மாறிக்கொண்டே வந்தது. இதை நானா வரைந்தேன் என்று அவளுக்கே சந்தேகம் வந்தது.

“கைவேல தெரிஞ்சவனுக்குள்ள கடவுளோட மூச்சு பூந்திருக்குன்னு எங்க வேதத்துல இருக்கு” என்றார் ஸிப்போரா அம்மாள். “நான் சும்மா படிச்சிக்கினு இருந்தேன். இன்னிக்குத்தான் பாத்தேன்.”

நட்சத்திரங்கள் வந்தன, ஓய்வு நாள் முடிந்தது. அவர் பின்னல் போட்ட மெழுகுவத்தியைக் கொளுத்தி, கிராம்பை முகர்ந்து, என்னவோ முணுமுணுத்துப் பாடி, வத்தியைத் திராட்சை ரசத்தில் அணைத்தார். அதன் பிறகுதான் எழுந்துபோய் விளக்கைப் போட்டார்.

“என் கையால இத அழிக்க மாட்டேன்” என்றார். “வெச்சிக்கவும் எனக்கு உரிம இல்ல. நீ இத அப்பிடியே வுட்டுட்டுப் போனாலும் கோவிச்சிக்க மாட்டேன்.”

சொல்லும்போதே அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சங்கவி உற்றுப் பார்த்தாள், வழக்கம்போல. நடிப்பு இல்லை. அந்த அம்மாள் சொன்னது அத்தனையும் அவளுக்கு அப்படியே நம்பத் தோன்றியது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

“சொவத்துல வேற எங்க வேணும்னாலும் உன் பேரப் போட்டுக்கோமா.”

“அப்பறம் பாத்துக்கலாங்க” என்றாள்.

கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு சுவரின் முன்னால் மண்டி போட்டாள். இத்தனை வருஷமும் அவள் பெயரை மற்றவர்கள்தான் இல்லாமல் செய்திருக்கிறார்கள். கையை அழுத்தி, முதலில் தன் பெயரைத் தேய்க்கத் தொடங்கினாள்.