இரண்டாவது வாய்ப்பூட்டு

பையைக் கவிழ்த்துக் கொட்டியபோதுதான் சின்னவனுக்கு விஷயம் தெரிந்தது. ஸ்பேனர், சுத்தியல், துருச் சுரண்டி, பழைய துணி என்று எல்லாம் தரையில் கலகலவென்று விழுந்தன. வாய்ப்பூட்டு மட்டும் ஒன்றே ஒன்றுதான் விழுந்தது.

பையை இன்னொரு தரம் உதறினான். ஓரத் தையலுக்குள் விரலை விட்டுத் துழாவினான். ஒரு மரையும் கொஞ்சம் கரித்தூளும் வந்தன. வாய்ப்பூட்டு எப்போதும் இரண்டாகத்தான் இருக்கும், கம்பியால் ஒன்றாகக் கட்டித்தான் வைப்பான். இன்னொன்று எங்கே?

அது வேறொன்றுமில்லை, உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இரும்புப் பிடி. பாய்லர் தலையில் இரண்டு சேஃப்டி வால்வு இருக்கும். உள்ளே நீராவி அளவுக்கு மீறினால் அவை தானாகத் திறந்து வெளியே விட்டுவிடும். பாய்லருக்குத் தண்ணீர்ச் சோதனை நடத்தும்போது மட்டும், குளிர்ந்த நீரை நிரப்பி வழக்கத்தைவிட அதிக அழுத்தம் ஏற்றுவார்கள். அப்போது வால்வு திறந்துகொள்ளாமல் அழுத்திப் பிடிப்பதுதான் வாய்ப்பூட்டின் வேலை. சோதனை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் அடுப்பு மூட்டினால் என்ன ஆகும் என்பதை எந்தப் பாய்லர்காரனும் வாயால் சொல்ல மாட்டான்.

சின்னவன் நாளை விரல்விட்டு எண்ணினான். சோதனை நடந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்றைக்குப் பத்து மணிக்குச் சக்கரக்காரி ஜனங்களை ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கப் போகிறாள்.

சக்கரக்காரி என்பது ஊர் வைத்த பெயர். இரண்டு விலாவிலும் ஆளுயரத்துக்கு மேல் மரச் சக்கரங்களோடு நூற்றுப்பத்து வருஷமாக இருக்கிற நீராவிக் கப்பல். தபால் சுமந்தாள், தானியம் சுமந்தாள், கல்யாணப் பெண்களையும் பிணங்களையும் சுமந்தாள். பாலம் வந்தது, லாரி வந்தது, அவளை யாரும் சீந்தவில்லை. சேற்றில் கட்டிப் போட்டுக் கிடங்காக வைத்திருந்தார்கள், பிறகு மேல்தளத்தில் ஒருவன் கோழி வளர்த்தான். கடைசியில் உடைத்து இரும்புக்குப் போட இருந்த நேரத்தில், வேலையில்லாத கிறுக்கர்கள் பத்துப் பேர் (ஊர் அப்படித்தான் சொன்னது) சங்கம் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆற்றுத் துறைக்காரர்களும் ஒன்றரை வருஷம் தவணை கொடுத்தார்கள். அதற்குள் ஓட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிவிடுவார்கள். அந்தத் தவணையில் மிச்சம் இருந்தது இந்த மாதம்தான்.

சின்னவனின் அண்ணன்தான் எஞ்சின் டிரைவர். தம்பி பாய்லர் ஃபிட்டர். கப்பலில் ஒருவர் பெரியவர், இன்னொருவர் சின்னவர். பதினான்கு மாதம் சின்னவன் அந்தப் பாய்லருக்குள் மல்லாந்து கிடந்து குழாய் மாற்றினான். முதுகுத் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

தண்ணீர்ச் சோதனை அன்று ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். பாய்லர் இன்ஸ்பெக்டருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது, பதிவேட்டை நீட்டினார். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வாய்ப்பூட்டைக் கழற்றிய பிறகு ஃபிட்டரும் டிரைவரும் இரண்டு வால்வையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டபின்தான் கையெழுத்து. கண்ணால் பார்த்தது கணக்கில் கிடையாது. அன்றைக்கு, "இதோ கழட்டிடுறேன் சார், நீங்க கெளம்புங்க" என்று சின்னவன் முதலிலேயே போட்டுவிட்டான். அண்ணனும் போட்டான்.

சின்னவன் ஏணியில் ஏறி ஒன்றைக் கழற்றிப் பையில் போட்டிருப்பான், கீழே பத்திரிகைக்காரனிடம் அண்ணன் பேசுவது காதில் விழுந்தது. "இந்தப் பாய்லர நிமித்தி எடுத்தது நான்தாங்க." அவ்வளவுதான். சின்னவனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இறங்கி ஓடி, "நீ எண்ணெய் ஊத்துனதத் தவிர என்னத்தக் கிழிச்ச?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். "ஒனக்கு வாய் இருக்கிற அளவுக்கு வேலையில கவனம் கிடையாதுடா!" என்றான் அண்ணன். சின்னவன் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினான். அன்றோடு பேச்சுவார்த்தை இல்லை.

ஏணிக்குத் திரும்பி ஏறினானா? எவ்வளவு யோசித்தும் அவனுக்கு ஏறிய ஞாபகம் வரவில்லை.

"என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" மனைவி வாசலில் நின்றாள்.

சொன்னான். அவள் உள்ளே வந்து தரையில் கிடந்த ஒற்றை வாய்ப்பூட்டைப் பார்த்தாள். "இதுக்குள்ள அவங்க சோதனைக்கு ஓட்டிப் பாத்திருப்பாங்கல்ல? ஒன்னும் ஆகலையே?"

"ஒரு வால்வுல பூட்டு இல்லையே, அதனால தப்பிச்சிருக்கும். இன்னிக்கு முழு ஆவியில ஓட்டுவாங்க. அந்த ஒன்னும் மக்கர் பண்ணுச்சுன்னா?" அவன் போனை எடுத்தான். அண்ணன் எடுக்கவில்லை, எஞ்சின் இரைச்சலில் என்ன கேட்கும்? சங்கத் தலைவர் இவன் நம்பரைப் பார்த்ததும் கட் பண்ணினார். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சும்மா இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கவனமில்லாதவன் என்று அண்ணன் சொன்னதை இவனே போய் நிரூபிக்கவா? அந்த நினைப்பு வந்ததற்கே பிறகு அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஏனென்றால் மனைவி அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

"நம்ம பொண்ணு அந்தக் கப்பல்லதாங்க இருக்கா. உங்க அண்ணி வந்து கேட்டாங்க. நீங்க விட மாட்டீங்கன்னு, சிநேகிதி வீட்டுக்குன்னு பொய் சொல்லி அனுப்பினேன்."

பைக் எப்படி ஓடியது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. படித்துறையில் கொடி கட்டியிருந்தார்கள். இருநூறு பேர் தளத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். புகைபோக்கியில் புகை நேராக எழுந்துகொண்டிருந்தது. ஏறு பலகையை இழுக்கக் கயிற்றைப் பிடித்திருந்த ஆளைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

"எல்லாரும் எறங்குங்க! எறங்குங்க! வால்வுல பூட்டு மாட்டிக்கிட்டு இருக்கு!"

எஞ்சின் அறைக்கு மேலே பித்தளைக் கம்பியில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் திரும்பியது. ஒரு குழந்தை வீரிட்டது. சங்கத் தலைவர் ஓடிவந்தார். ஓய்வு பெற்ற தபால் அதிகாரி, கோட்டெல்லாம் போட்டிருந்தார். "இன்னிக்குன்னு பாத்து மானத்த வாங்க வந்தியா?"

"சத்தியமா சொல்றேன் சார். ரெண்டுல ஒன்னுதான் கழட்டினேன். என் தப்புதான். கையெழுத்தையும் முன்னாடியே போட்டுட்டேன்."

சொல்லிவிட்டான். உடம்பே லேசானது போல இருந்தது. பாய்லர் இன்ஸ்பெக்டரும் விருந்தாளியாக வந்திருந்தார், அவர் முகத்தில் ஈயாடவில்லை. கீழே எஞ்சின் அறையில் அண்ணன் நின்றான். கையில் எண்ணெய்த் துணி. நிமிர்ந்து தம்பியைப் பார்த்தான்.

"போய்ப் பாக்கச் சொல்லுங்க. ஒன்னும் இல்ல."

இன்ஸ்பெக்டர் வால்வு மூடியின் சாவியை வாங்கிக்கொண்டு பாய்லர் மேல் ஏறினார். சின்னவன் பின்னாலேயே ஏறினான். சூடு முகத்தில் அடித்தது. மூடியின் பூட்டைத் திறந்து தூக்கினார்கள். முதல் வால்வில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. தண்டு சுத்தமாக, எண்ணெய் மினுக்கோடு, தன் பாட்டுக்கு நின்றது.

சின்னவன் முன்னால் குனிந்தான். தண்டைச் சுற்றித் தடவினான், விரல் சுட்டதுகூட உறைக்கவில்லை. அப்படியென்றால் கழற்றித்தான் இருந்தானா? கழற்றி எங்கே போட்டான்?

"குடிச்சிருக்கியா?" தலைவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனாலும் பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது. யாரோ சிரித்தார்கள். "பொறாமை சார், அண்ணன் ஓட்டுறாருன்னு" என்றது ஒரு குரல். "மூளை கலங்கிருச்சு போல" என்றது இன்னொன்று. இரண்டு பேர் இவனைக் கைத்தாங்கலாக இறக்கி, ஏறு பலகைப் பக்கம் கூட்டிப் போனார்கள். இவனும் போனான், கால் தானாக நடந்தது.

அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மகள் நின்றிருந்தாள். கண் நிறையத் தண்ணீர். "அப்பா, போங்கப்பா. எல்லாரும் பாக்கறாங்க." அவன் நெஞ்சு அதில்தான் உடைந்தது. மற்றவர்கள் சொன்னதெல்லாம் அப்புறம்.

பலகையில் ஒரு கால் வைத்திருப்பான். "அவன விடுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அண்ணன் எஞ்சின் அறையை விட்டு மேலே வந்திருந்தான். ஆவி ஏறிய எஞ்சினை டிரைவர் விட்டு வருவதாவது! அதைப் பார்த்தே இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்துவிட்டார். அண்ணன் மேல்சட்டைக்குள் கையை விட்டான். எடுத்த பொருளை டிக்கெட் மேஜைமேல் வைத்தான். உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இரும்புப் பிடி.

"அவன் பொய் சொல்லல. மாட்டித்தான் இருந்துச்சு. நான்தான் கழட்டினேன்."

"எப்ப?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பத்து நாளைக்கு முன்னாடி, சோதனை ஓட்டத்துல. முள்ளு செவப்புக் கோட்டத் தாண்டிப் போயிருச்சு. ஒரு வால்வு கத்துது, இன்னொன்னு செத்த மாதிரி கெடக்கு. உள்ள பன்னெண்டு பேர் இருந்தாங்க. அடுப்ப அணைச்சிட்டு ஏறிப் பாத்தேன்." அவன் மேஜைமேல் இருந்த இரும்பைப் பார்த்தான். "பதிவேட்டுல எழுதல."

"எழுதணும்னு தெரியாதா?"

"தெரியும். எழுதினா நீங்க கப்பலக் கட்டிப் போடுவீங்க. தவணை முடிஞ்சிரும்."

சின்னவன் திரும்பி வந்து மேஜை முன்னால் நின்றான். அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பத்து நாளா சட்டைக்குள்ளயே வச்சிருந்தியா? எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? வீட்டுக்கு வந்து நாலு அற அறைஞ்சிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது?" அண்ணனும் கத்தினான். "நீ கழட்டலன்னு சொன்னா, நான் தொடாம கையெழுத்துப் போட்டேன்னும் சொல்லணும்ல? ஒனக்குக் கவனமில்லன்னு ஊரக் கூட்டித் திட்டினவன்டா நான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர்றது?" கூட்டத்தைக் கையால் காட்டினான். "இப்பவும் சொல்லியிருக்க மாட்டேன். ஒன்னப் பைத்தியம்னு சொன்னானுங்க பாரு, அதத்தான் கேட்டுக்கிட்டு நிக்க முடியல."

இன்ஸ்பெக்டர் பதிவேட்டை இழுத்து வைத்துக்கொண்டார். அளவு தாண்டிப்போன பாய்லரை ஆறவிட்டு, குழாயெல்லாம் பார்த்து, தண்ணீர்ச் சோதனையை முதலிலிருந்து நடத்தாமல் ஆள் ஏற்ற முடியாது என்றார். அதற்கு எத்தனை நாள் என்று தலைவர் கேட்டார். இரண்டு மாதம் என்று பதில் வந்ததும் கோட்டோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் டிரைவராக இருக்க முடியுமா என்பதை மேலிடம்தான் சொல்லும். "என் ரயிலுக்காக நானும் அவசரப்படுத்தினேன்" என்றும் இன்ஸ்பெக்டரே சொன்னார்.

ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஒரு அம்மா மட்டும் போகிற போக்கில் சின்னவனின் கையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"அடுப்ப இழுக்க ரெண்டு ஆள் வேணும்" என்றான் அண்ணன், யாரையும் பார்க்காமல். சின்னவன் சட்டையைக் கழற்றினான். அரை மணி நேரம் இரண்டு பேரும் எரிகிற கரியை வெளியே வாரினார்கள். அழுத்தமானியின் முள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பதினான்கு மாதமாக அது ஏற வேண்டும் என்று காத்திருந்தவர்கள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மேலே வந்தபோது பதிவேடு மேஜைமேல் திறந்திருந்தது. நடந்ததை இன்ஸ்பெக்டர் எழுதி முடித்திருந்தார், ஒரு பக்கம் முழுதாக. பக்கத்தில் அந்த இரும்பு.

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

அண்ணன் பேனாவை எடுத்துக் குனிந்தான்.

"இரு" என்றான் சின்னவன். "தொட்டுட்டுப் போடு."

அண்ணன் முறைத்தான். இப்போது அடிப்பான் என்றே சின்னவன் நினைத்தான். அண்ணன் இடது கையை வாய்ப்பூட்டின் மேல் வைத்தான், வைத்தபடியே வலது கையால் போட்டான். பேனா சின்னவனிடம் வந்தது. அண்ணன் கையை எடுக்கவில்லை. சின்னவன் அந்தக் கைக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இரும்பைத் தொட்டுக்கொண்டு, பெயரைப் போட்டான்.

"பெரியப்பா, இனிமே கப்பல் ஓடாதா?" என்று மகள் கேட்டாள்.

அண்ணன் அந்த இரும்பை எடுத்துச் சின்னவனிடம் நீட்டி, "மத்ததோட சேத்துக் கட்டி வை" என்றான்.