எல்லா அவுட்புட்டுக்கும் ஒரே குமிழ்

மூன்று வாரமாக அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. டீயோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். நான்கு பக்கம் படிப்பதற்குள் எழுந்து ஜன்னல் வரை நடப்பாள். போன வேகத்தில் திரும்பி வந்து, மூடிய பக்கத்தையே மறுபடி திறப்பாள். டீ ஆடை கட்டிக் கிடக்கும். மேசையின் இரண்டு ஓரத்திலும் அவள் கையால் செய்த ஸ்பீக்கர் பெட்டிகள் இன்னும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தன.

பல் செட் செய்யும் லேபில் அவளை எல்லாரும் பாலிஷ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக மெருகு மோட்டார் முன்னால் உட்கார்ந்து, நாக்கு பட்டால் வழுக்கும் அளவுக்குப் பல் செட்டைத் தேய்த்துக் கொடுப்பது அவள் வேலை. அந்தக் கைதான் இந்தப் பெட்டிகளையும் செய்தது. மூலையைத் தடவிப் பார்த்தால் மரமா பல்லா என்று சந்தேகமே வரும்.

ஒவ்வொரு பெட்டியிலும் கீழே கனத்த சத்தத்துக்கு ஒரு வூஃபர், மேலே மெல்லிய கூர்ச்சத்தத்துக்கு ஒரு ட்வீட்டர். கடையில் விற்கும் பெட்டி என்றால் பாட்டை மேல், கீழ் என்று பிரிக்கும் வேலையை உள்ளே இருக்கும் கம்பிச் சுருளும் கெப்பாசிட்டரும் பார்த்துக்கொள்ளும். அவளுக்கு அது பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரே பாட்டை நான்காகப் பிரித்து, சத்தத்தைப் பெருக்கும் ஆம்பின் தனித்தனிப் பாதை வழியாக ஒவ்வொரு பங்கையும் அதனதன் ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். எதைக் கூட்ட, எதைக் குறைக்க என்பதெல்லாம் தன் விரல் நுனியில் இருக்க வேண்டும். பெட்டி தயார், ஆம்ப் தயார், ஒயர் தயார். கம்ப்யூட்டருக்கும் ஆம்புக்கும் நடுவே நிற்க வேண்டிய ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் தகையவில்லை. அதில் குறைந்தது நான்கு அவுட்புட் வேண்டும்.

நான்கு என்று எழுதியிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அதில் இரண்டு ஹெட்ஃபோனுக்குப் போவதன் நகலாக இருக்கும். நிஜமாகவே நான்கு இருந்தால், வால்யூம் குமிழ் முதல் இரண்டை மட்டும்தான் கூட்டிக் குறைக்கும். எல்லாம் சரியாக இருந்தால், இரைச்சல் உண்டு என்று எவனாவது எழுதி வைத்திருப்பான். அந்த இரைச்சல்தான் அவளைப் பாடாய்ப்படுத்தியது. கையெட்டும் தூரத்தில் இருக்கிற ஸ்பீக்கர். பாட்டு நின்றதும் உஸ்ஸென்று சத்தம் வந்தால் தெரியுமா, தெரியாதா? ஒருவர் சுத்தமாகக் கேட்கவில்லை என்று எழுதினார். அடுத்தவர் காது கூசுகிறது என்றார். கேட்டவர்களை நம்பாமல், இரைச்சலை எண்ணில் அளந்து போட்டிருந்த அட்டவணைகளாகத் தேடித் தேடிப் படித்தாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மூடிய கதவுக்கு வெளியே நின்றே கயிறு எந்த உருளையில் உரசுகிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கு இந்தப் படிப்பு வேடிக்கையாக இருந்தது. "என்னைக் கட்டிக்கும்போதுகூட நீ இவ்வளவு விசாரிக்கல" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. காரணம் அவருக்குத் தெரியாது. போன மாதம் லேபில் எல்லாருக்கும் காது பரிசோதனை நடந்தது. ஒரு வேனுக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முடிந்ததும் பரிசோதனை செய்த பெண் ஒரு தாளைக் காட்டினாள். அதில் இரண்டு கோடுகள். வலது காதின் கோடு மெல்லச் சரிந்தது. இடது காதுக்கானது கனத்த சத்தங்கள் வரை ஒழுங்காகப் போய், கூர்ச்சத்தம் தொடங்கும் இடத்தில் மாடியிலிருந்து விழுந்த மாதிரி தொபுக்கென்று கீழே போயிருந்தது. மோட்டார் எந்தப் பக்கம் என்று அந்தப் பெண் கேட்டாள். இடது பக்கம். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும், ஒரு முறை முழுசாகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாம் நார்மல் என்று சொன்னாள். தாளை நாலாக மடித்து, துளைபோடும் பிட்டுகள் வைத்திருந்த டப்பாவுக்குள் திணித்தாள். அதுவரை ஒரு வருஷமாக இழுத்துக்கொண்டு கிடந்த பெட்டி வேலையைப் பத்தே நாளில் முடித்தாள். யாரோ பின்னால் துரத்திக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

அவளுடைய அண்ணன் கூட்டங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விடுபவர். எங்கே போனாலும் மைக்கைத் தட்டி "ஹலோ, செக்" என்று சொல்லிச் சொல்லி, சொந்தக்காரர்கள் மத்தியில் அவர் பெயரே ஹலோ செக் ஆகிவிட்டது. தங்கை படுகிற அவஸ்தையைப் போனில் கேட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் தன் கிடங்கிலிருந்து இரண்டு இன்டர்ஃபேஸ்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒன்று தட்டையாக, பார்க்க லட்சணமாக இருந்தது, நான்கு அவுட்புட். மற்றது இரும்புப் பெட்டி; எட்டு அவுட்புட், முகப்பில் ஒரே ஒரு பெரிய குமிழ். நாளை சாயங்காலம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வாசல்வரை போனவர் திரும்பினார்.

"பேப்பரப் பாத்து எடுக்காதம்மா. காதால கேட்டு எடு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது.

கணவருக்கு அன்று விடுமுறை. ஒயர் பிடிக்க அவரும் வந்தார். முதலில் லட்சணமானதை மாட்டினார்கள். ஒன்று, இரண்டில் வூஃபர்கள். மூன்று, நான்கில் ட்வீட்டர்கள். இருவருக்கும் பழக்கமான ஒரு பாட்டைப் போட்டாள். கனச்சத்தம் போதவில்லை. குமிழ் கீழே இறங்கியிருந்ததைக் கவனிக்காமல், அவசரத்தில் கம்ப்யூட்டரில் வால்யூமை ஏற்றினாள். அந்தக் குமிழ் வூஃபர்களைத்தான் பிடித்து வைத்திருந்தது. ட்வீட்டர்களுக்குக் கடிவாளமே இல்லை. அவை முழு வேகத்தில் கத்த ஆரம்பித்தன.

கணவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "நிறுத்து, நிறுத்து" என்றார். அவள் இடப்பக்கத்துப் பெட்டியின் மேலேயே குனிந்திருந்தாள். சத்தம் ஏறியிருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் இவர் ஏன் இப்படித் துடிக்கிறார் என்று புரிய நாலைந்து நொடி ஆயிற்று. அதற்குள் அவரே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

"பக்கத்துலயே இருக்கியே, உனக்குக் காது வலிக்கல?"

வலித்தது என்றாள். குமிழைக் கவனிக்காமல் விட்டது தன் தப்பு என்றும், படித்து வைத்ததைக் கை மறந்துவிட்டது என்றும் வேகவேகமாகப் பேசிக்கொண்டே ஒயர்களைக் கழற்றினாள். இரும்புப் பெட்டியை மாட்டினாள். அதில் குமிழைத் திருப்பினால் நான்கும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. பாட்டு நன்றாகவே இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டுக் கையை உயர்த்தினாள்.

"பாத்தீங்களா? ஊசி விழுந்தாக் கேக்கும்."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "உஸ்ஸுன்னு வருதே. எடப்பக்கம் ஜாஸ்தி."

இல்லை என்றாள். இருக்கிறது என்றார். லிஃப்ட் சத்தம் கேட்டுக் கேட்டு உங்களுக்கு எல்லாமே சத்தமாகத் தெரிகிறது என்று எரிந்து விழுந்தாள். பழுது என்று சொன்ன இடத்தில் பழுதைக் காட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும். இன்டர்ஃபேஸிலிருந்து ஆம்புக்கு வரும் நான்கு ஒயர்களையும் உருவினார். "இப்பவும் வருது. அப்போ இந்தப் பொட்டி மேல தப்பு இல்ல, ஆம்ப்லதான்" என்றார். ஆம்பை அணைத்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு சின்னத் திருகு. மூன்று திருகுகள் ஒரே நிலையில் இருந்தன. நான்காவது, இடது ட்வீட்டருக்கானது, இனிமேல் திரும்பாது என்கிற வரை திருகப்பட்டிருந்தது.

"இதை மட்டும் யாரு இப்படி ஏத்தினது?"

வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவள்தான் ஏற்றினாள், போன ஞாயிற்றுக்கிழமை, அவர் கடைக்குப் போயிருந்தபோது. ஆம்பைப் போனில் மாட்டிச் சோதித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கிறதா என்று பார்த்து, இடது பக்கம் மந்தமாக இருக்கவே ஏற்றினாள். இன்னும் மந்தமாக இருக்க, இன்னும் ஏற்றினாள். ட்வீட்டர்தான் சரியில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். மூன்று வாரமாக இன்டர்ஃபேஸில் இருக்குமோ என்று அவள் பயந்த இரைச்சலை அவள் கையே செய்து வைத்திருந்தது.

எழுந்து போய் டப்பாவைத் திறந்து தாளை எடுத்து நீட்டினாள்.

அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். அவருக்குப் புரிந்தது இரண்டு கோடு, ஒன்று கீழே போகிறது என்பதுதான். "கொஞ்சம் எறங்கியிருக்கு. அவ்வளவுதானே? வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்தக் "கொஞ்சம்" அவளுக்குத் தாங்கவில்லை. எப்படிச் சொல்வது? எது கேட்கவில்லை என்று கேட்டால், கேட்காததைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். திருகை மற்ற மூன்றோடு சமமாக வைக்கச் சொன்னாள். இடப்பக்கத்தின் மேல்பங்குக்குச் சத்தத்தைக் குறைக்கும் ஒரு புதுக் கோடு வரைய ஆரம்பித்தாள். தாளில் எந்த இடத்தில் எவ்வளவு இறங்கியிருந்ததோ, திரையிலும் அந்தந்த இடத்தில் அவ்வளவு இறக்கினாள். வலது பக்கத்துக்கும் அப்படியே. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போட்டுத் திருத்தினாள். ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியாகக் கையில் பிடிக்க வேண்டும் என்று அடம்பிடித்தது இதற்காக இல்லை. ஆனால் இதற்கும் உதவியது.

"நடுவுல நில்லுங்க" என்றாள். பாட்டை முதலில் உள்ளது உள்ளபடி ஓட விட்டாள். பாடுகிற பெண் மூச்சு வாங்குவதுகூடத் துல்லியமாகக் கேட்கிறது என்று அவர் தலையாட்டினார். பிறகு புதுக் கோட்டை இயக்கினாள்.

அவர் முகம் மாறியது. தன்னை அறியாமல் இடப்பக்கம் ஓர் அடி நகர்ந்தார். பெட்டிக்குள் எதையோ தேடுகிறவர் போலக் குனிந்தார். பாட்டு முடியும்வரை அப்படியே நின்றார்.

"மூடின லிஃப்டுக்குள்ள யாரோ பேசுற மாதிரி இருக்கு" என்றார். "சொல்லெல்லாம் மழுங்கிப்போச்சு. இப்படியா கேக்குது உனக்கு?"

"ஏறக்குறைய."

"வண்டியில உன் எடப்பக்கம் உக்காந்து பேசிக்கிட்டே வருவேனே. அதெல்லாம்?"

"பாதி ஊகம்தான்."

இரண்டு வருஷமாக அவள் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறாள் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை; ஆனால் அவளுக்குத் தெரியும். இப்போது அது அவர் முகத்தில் வந்து நின்று, அங்கேயே கரைந்ததையும் பார்த்தாள். அதன் பின்னாலேயே கோபம் வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். ஒரு மாதம் முழுக்கப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மறைத்தாயே என்றார்.

"சொல்லியிருந்தா, காதே போச்சு, பொட்டி எதுக்குன்னு கேப்பீங்க. எனக்கே அதுக்குப் பதில் தெரியலைங்க."

அவர் சமையலறைக்குப் போனார். கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவும் சத்தம் கேட்டது. அவள் இருந்த இடத்தில் இருக்க முடியாமல் ஒயர்களைச் சுருட்டினாள், பிரித்தாள், திரும்பச் சுருட்டினாள். அவர் ஈரக் கையோடு வந்து இரும்புப் பெட்டியைத் தட்டினார்.

"இதையே வாங்கு. இரைச்சல் எவ்வளவுன்னு இனிமே படிக்காத. அத என் காதுகிட்ட வுட்டுடு. ஏதாவது ஒண்ணுன்னா ஒரு கையால எல்லாத்தையும் நிறுத்தணும். லிஃப்டா இருந்தா நான் மொதல்ல அதத்தான் பாப்பேன்."

மூன்று வாரம் படித்தும் வராத முடிவு அப்படி வந்தது. அதே மாதிரிப் பெட்டி ஒன்றுக்கு அப்போதே ஆர்டர் போட்டாள். மறுநாள் அண்ணன் வந்தபோது அவரிடமும் காதைப் பற்றிச் சொன்னாள். காதால் கேட்டு எடு என்று சொன்னதை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, போகும்போது அவளுடைய வலது பக்கமாகச் சுற்றி வந்து விடைபெற்றார்.

திங்கட்கிழமை லேப் முதலாளியிடம் போய், காதுக்கு மூடி வாங்கித் தரும்வரை மோட்டாரில் உட்கார மாட்டேன் என்றாள். பார்க்கலாம் என்றார். பார்க்கும்வரை சத்தமில்லாத மெழுகு வேலை செய்கிறேன் என்று இடம் மாறி உட்கார்ந்தாள். பக்கத்து மோட்டார்க்காரி சிரித்தாள். மத்தியானம் அவளும் எழுந்து வந்துவிட்டாள். புதன்கிழமை மூடிகள் வந்தன. அதே நாள் கணவரோடு போய் முழுப் பரிசோதனையும் செய்துகொண்டாள். வேனில் சொன்னதைத்தான் அங்கேயும் சொன்னார்கள். சத்தத்தை ஏற்றி வைத்து, கேட்காமல் போனதைத் தேடாதீர்கள் என்று கூடுதலாக எச்சரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை புதுப் பெட்டி வந்தது. நான்கு ஸ்பீக்கருக்கும் அளவு வைத்தது கணவர் காதுதான். அவள் திரையில் நகர்த்த, அவர் கூட்டு, குறை, போதும் என்றார். பாட்டு ஓடியது.

"எடப்பக்கம் என்ன வருது?" என்று கேட்டாள்.

"தாளத்தட்டு, ஜிங்குன்னு ஒரு பித்தளைத் தட்டு. ரொம்ப மெதுவாத் தட்டுறான். கையால புடிச்சு நிறுத்துறான். மறுபடி தட்டுறான்."

அவளுக்கு அது கேட்கவில்லை. வலப்பக்கம் குழலும், நடுவில் குரலும், காலுக்கடியில் அதிர்கிற கனச்சத்தமும் நன்றாகக் கேட்டன. மேசைக்கு அடியில் அவள் கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் பாட்டு முடியும்வரை எழுந்திருக்கவில்லை.