மகாதேவனுக்கு முன்னால் போன பெட்டி

1975ஆம் வருடம் மே மாத நடுவில், சிட்னிக்கு மேற்கே லிட்கமில் குடியிருந்த மகாதேவனின் தோல்பெட்டி அவனை விட்டுவிட்டுத் தனியாக வடக்கே கிளம்பிப் போனது. அந்த வாரம் லிட்கமில் வேறு விசேஷம் எதுவும் இல்லை. காலையில் மூடுபனி இருந்தது, ரயில்கள் வழக்கம்போலத் தாமதமாக வந்தன, மூலைக் கடையில் தக்காளி விலை கொஞ்சம் ஏறியது. பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை, திருடவும் இல்லை. போவதற்கு அதற்கு நியாயம் இருந்தது, போனது. அந்த நியாயத்தை உண்டாக்கிக் கொடுத்தவன் மகாதேவனேதான்.

அவன் செவன் ஹில்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் திட்டமிடும் பொறியாளன். எந்த இயந்திரம் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், நின்றால் அதன் வேலையை எது செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது அவன் உத்தியோகம். எழுதி வைத்ததை ஓட்டுவது வேறு ஆட்களின் வேலை. மனைவி கிரிஜா டாக்டர். திருச்சியில் அவளிடம் வைத்தியம் பார்க்கத் தெருமுனை வரை ஆட்கள் நிற்பார்கள். சிட்னியிலோ மறுபடியும் பரீட்சை எழுது என்றார்கள். நாட்டின் வடமேற்கு ஓரத்தில், மாலெட் க்ரீக் என்ற ஊரின் சின்ன ஆஸ்பத்திரி மட்டும் பரீட்சை எதுவும் கேட்காமல் வா என்றது, ஏனென்றால் அங்கே எந்த டாக்டரும் தங்குவதில்லை. அவனும் கூட வருவான் என்று கிரிஜா எதிர்பார்த்தாள். தொழிற்சாலையை விட முடியாது என்று அவன் காரணம் காரணமாக அடுக்கினான். அவள் சண்டை போடவில்லை. விமான நிலையத்தில், நீங்க எப்ப வருவீங்க என்று மட்டும் கேட்டாள்.

டார்வினுக்குப் பெரிய விமானத்தில் போய், அங்கிருந்து தபால் விமானத்தைப் பிடித்தால் மாலெட் க்ரீக் போய்விடலாம். அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் கதையே இல்லை. ஆனால் மகாதேவன் அப்போது பேங்க்ஸ்டவுன் விமானத் திடலில் சனிக்கிழமைதோறும் சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான், கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்திருந்தது. "நானே பிளேன் ஓட்டிக்கிட்டு வந்து உன் வாசல்லயே இறங்குறேன் பாரு" என்றான். கிரிஜா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் வார்த்தையை அவனால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் போயிற்று என்று நான் நினைக்கிறேன்.

லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்கே கூடத்திலிருந்த மேசை நாற்காலிகளைக் கொல்லைப்புறக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டு, விமான வரைபடங்களை ஒன்றோடொன்று ஒட்டித் தரை முழுக்க விரித்தான். சிட்னி வாசற்படி ஓரமும் மாலெட் க்ரீக் குளியலறைக் கதவோரமும் வந்தன. காலுறையோடு மட்டும் நடமாடினான். வரைபடத்தில் லாங்ரீச் ஊர்ப் பக்கம் உட்கார்ந்து காபி குடித்தான். படுக்கும்போது கால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். தென்பாதியில் ஊர்ப்பெயர்கள் நெருக்கமாக இருந்தன. வடக்கே போகப் போகப் பெயர்கள் குறைந்து, ஒரு முழ நீளத்துக்கு வெறும் மஞ்சள் நிறமும், வருடத்தில் பாதி நாள் தண்ணீரே இல்லாத ஆறுகளும் மட்டும் இருந்தன. அந்த மஞ்சளில் எங்கே இறங்குவது, இறங்கினால் எரிபொருளுக்கு என்ன செய்வது, அந்த ஓடுதளம் சேறாகிக் கிடந்தால் அடுத்தது எது என்று ஒவ்வொரு கேள்விக்கும் விடை தேடினான். ஒரு விடை கிடைத்தால் அது இரண்டு கேள்விகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது. எரிபொருள் பீப்பாய்களில் தன் பெயரை எழுதி லாரியில் முன்கூட்டியே அனுப்பிவைத்தான். அவை போய்ச் சேர்வதற்குள் மழைக்காலம் தொடங்கி வழிகள் அடைபட்டன. முதல் வருடம் அப்படிப் போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிஜாவோடு பேசுவான். மாலெட் க்ரீக்கில் அப்போது தொலைபேசி கிடையாது. லிட்கம் தொலைபேசியை இணைப்பகத்தில் ரேடியோவோடு சேர்த்துவிடுவார்கள். ரேடியோ வழியாகத்தான் பேச்சு, ஒருவர் முடித்து 'ஓவர்' சொன்ன பிறகே மற்றவர் பேச முடியும். சுற்றுவட்டாரத்து மாட்டுப்பண்ணைகள் எல்லாம் அதே அலையில் கேட்டுக்கொண்டிருக்கும். தமிழ் யாருக்கும் புரியாது என்றாலும் கிரிஜா அளந்துதான் பேசுவாள். சாப்பிட்டீங்களா, ஓவர். சாப்பிட்டேன், நீ, ஓவர். இரண்டு பேரும் 'ஓவர்' சொல்ல மறந்து ஒருவருக்கொருவர் காத்திருந்ததும் உண்டு. அப்போது இரைச்சல் மட்டும் கேட்கும். மகாதேவன் அந்த இரைச்சலையும் ரிசீவரை வைக்காமல் கேட்டுக்கொண்டிருப்பான்.

இரண்டாவது வருடம் திட்டம் முழுமையாக இருந்தது. மே மாதம், வறட்சிக் காலத்தின் ஆரம்பம், வாடகை விமானம் செவ்வாய்க்கிழமை கைக்கு வரும். ஆனால் செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். விமானத்தின் இறக்கையில் காற்று எப்படிப் பிடிக்கிறது என்று சூத்திரம் போட்டுக் காட்டக்கூடிய மகாதேவன், சூலம் பார்க்காமல் தெருவைக்கூடத் தாண்ட மாட்டான். ஆகவே வழக்கப்படி பரஸ்தானம் வைத்தான். நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள், அந்த நல்ல வேளையில் தங்கள் சாமான் ஒன்றைப் போகும் திசையிலுள்ள ஒரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாக ஆகும். பிறகு எந்த நாளில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. வேட்டி இரண்டு, சவர சாமான், கிரிஜா மறந்துவிட்டுப் போன பித்தளைக் காபி ஃபில்டர் ஆகியவற்றைத் தோல்பெட்டியில் அடுக்கி, பெயரையும் தொலைபேசி எண்ணையும் போகும் ஊரையும் அட்டையில் எழுதிக் கட்டி, திங்கட்கிழமை காலை வடக்குப் பக்கத்து வீட்டுக் கணேசலிங்கத்தின் கூடத்தில் வைத்தான்.

கணேசலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், தபால் இலாகாவில் கணக்கர், மனைவி போன பிறகு தனியாளாக இருந்தவர். "வையுங்கோ தம்பி, கதிரையிலேயே வையுங்கோ. உங்கட பஞ்சாங்கம் கும்பகோணத்துச் சூரியனுக்கு எழுதினது. இங்கத்தைச் சூரியன் அதைக் கேக்குமோ?" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மூடுபனி. புதன்கிழமை எதிர்காற்று. வியாழக்கிழமை மகாதேவன் தன் திட்டத்தில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தான். மஞ்சள் பகுதியில் ஒரு ஓடுதளத்துக்கு மாற்று ஓடுதளம் இல்லை. அதைச் சரிசெய்துவிட்டுப் போகலாம் என்று விமானத்தைத் திருப்பிக் கொடுத்தான். பரஸ்தானம் வைத்தால் ஒரு வாரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாமானைத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். எடுத்து வந்தால் பயணம் முறிந்துபோனதாக அர்த்தம். அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பெட்டி அங்கேயே இருக்கட்டும் என்று விட்டான். அவன் செய்த தப்பு இவ்வளவுதான்.

வாரம் கழிந்த மறுநாள் காலை கணேசலிங்கம் கதிரை என்று சொன்ன அந்த நாற்காலி காலியாக இருந்தது. பெட்டி அடுத்த தெருவில், உக்ரேனியக் கிழவர் ஒருவரின் வீட்டு வாசலில் இருந்தது. அதற்கு மறுநாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மகாதேவன் துரத்திப் போய் எடுத்து வந்திருக்கலாம். வெட்கமாக இருந்தது, போகவில்லை. பிறகு வெளியூர்களிலிருந்து தொலைபேசி வர ஆரம்பித்தது. பர்க் ஊரிலிருந்து ஒரு விடுதிக்காரர், உங்கள் பெட்டி வந்து இரவு தங்கிவிட்டுப் போனது, நாய்கூடக் குரைக்கவில்லை என்றார். சார்ல்வில்லில் ஒரு அம்மாள் அதைத் துடைத்து, கைப்பிடியில் தையல் போட்டு அனுப்பினாள். அட்டையில் ஊர் பேர் இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. அவன் வகுத்த வழியிலேயே, அவன் குறித்த ஊர்களிலேயே தங்கி அது போய்க்கொண்டிருந்தது. மாற்று ஓடுதளம் இல்லாத இடத்தையும் அது சிரமமில்லாமல் தாண்டியது.

பெட்டி வடக்கே போகப் போக லிட்கம் மகாதேவனை ஊருக்குப் போனவனாகவே நடத்தத் தொடங்கியது. பயணம்தான் தொடங்கிவிட்டதே. பால்காரர் பாட்டில் வைப்பதை நிறுத்தினார். கை காட்டினாலும் பஸ் நிற்கவில்லை. தொழிற்சாலையில் அவனுக்குப் பிரிவுபசார விருந்து நடத்தினார்கள். நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்று முதலாளி அவன் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே பேசினார். மகாதேவனும் கை தட்டி, மிச்சமிருந்த கேக்கில் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டான். மறுநாள் அவன் மேசையில் வேறொருவன் இருந்தான். நடுப்பகலில் சிட்னியில் எல்லாருடைய நிழலும் தெற்கே விழும், அவனுடையது வடக்கே விழுந்தது. சட்டையை உதறினால் செம்மண் கொட்டியது. அவன் மனம்விட்டு அழுததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த நாட்களில் ரயிலில் வேண்டுமென்றே கூட்டமான பெட்டியில் ஏறி, யாராவது தன் மேல் இடித்து மன்னிப்புக் கேட்பார்களா என்று நின்றுகொண்டிருப்பான். ஒருவரும் இடிக்கவில்லை. அவன் நின்ற இடத்தைச் சுற்றிக் கூட்டம் தானாக விலகிப் போனது.

முதல் மழைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் கிரிஜாவின் குரல் தெளிவாக இருந்தது. "பெட்டி வந்துடுச்சுங்க. வராந்தாவுல நாற்காலியில உட்கார வச்சிருக்கேன். நீங்க? ஓவர்."

இன்னும் இரண்டு பீப்பாய்கள் போய்ச் சேரவில்லை, ஒரு ஓடுதளத்தைப் பற்றி விசாரித்திருக்கிறேன், அடுத்த மே மாதம் உறுதி என்று அவன் விவரமாகச் சொன்னான். சொல்லி முடித்து 'ஓவர்' என்ற பிறகு வெகுநேரம் இரைச்சல் மட்டும் வந்தது.

"பரவாயில்லை. வந்த வரைக்கும் போதும்" என்றாள் கிரிஜா. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூப்பிடவில்லை. அவன் கூப்பிட்டால், டாக்டர் வராந்தாவில் கணவரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று நர்ஸ் மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுவாள்.

அடுத்த மே வந்தது. திட்டத்தில் வேறொரு ஓட்டை இருந்தது, அந்த மேயும் போனது. லிட்கமில் அவனைப் பார்க்க முடிந்தவர் கணேசலிங்கம் ஒருவர்தான், பெட்டியைத் தன் கதிரையில் வைத்திருந்தவர் என்பதால். மாலையில் புட்டோ இடியப்பமோ தன் குசினியில் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்து, வேலியோரம் நின்று பேசுவார். அவருக்கும் அவன் உருவம் மெல்ல மெல்ல மங்கியது. 1977 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணியைத் தாண்டிய நேரம், கணேசலிங்கம் தட்டோடு வந்து, மகாதேவன் நின்ற இடத்துக்கு இரண்டு அடி தள்ளி வெறும் வேலியைப் பார்த்து, "தம்பி, நிக்கிறியளோ? இருந்தா எடுத்துச் சாப்பிடுங்கோ" என்று தட்டை வைத்தார். நிற்கிறேன் அண்ணா என்று மகாதேவன் சொன்னான். அவர் கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றுவிட்டு உள்ளே போனார்.

மகாதேவன் புட்டைச் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வேலி மேல் கவிழ்த்தான், நேரே பேங்க்ஸ்டவுன் போனான். செவ்வாய்க்கிழமை, ராகு காலம், வடக்கே சூலம். பரிகாரத்துக்கு ஒரு வாய் பால்கூடக் குடிக்கவில்லை. வரைபடங்கள் கூடத்துத் தரையிலேயே கிடந்தன. திடலில் யாரும் அவனைத் தடுக்கவில்லை, யாருக்கும் தெரிந்தால்தானே. வழக்கமாக ஓட்டும் சின்ன செஸ்னா விமானத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, மலையைத் தாண்டி, வடமேற்கே திருப்பினான். ரேடியோவில் தன் பெயரையும் இடத்தையும் சொல்லிக்கொண்டே போனான். பதில் இல்லை. விமானக் கட்டுப்பாட்டுக்காரர்களின் குறிப்பில் அவன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டவன். போய்ச் சேர்ந்தவனை யாரும் தேடுவதில்லை.

வரைபடத்தில் ஒரு முழமாக இருந்த மஞ்சள் இடம் கீழே நாள் முழுக்க ஓடியது. ஒரு கூரை இல்லை, புகை இல்லை. கரையான் புற்றுகள் ஆள் உயரத்துக்கு நின்றன, மாடுகள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றன, வறண்ட ஆறுகள் கிளை கிளையாகப் பிரிந்து எங்கேயும் சேராமல் முடிந்தன. இவ்வளவு தனிமையை ஒரு ஆள் ஒரே நாளில் பார்த்துவிடக் கூடாது. கிரிஜா இதன் மேல்தான் தன்னந்தனியாகப் பறந்து போனாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது, நான்கு வருடத் திட்டத்தில் அதை அவன் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இறங்கிய இடங்களில் அவன் பெயர் போட்ட பீப்பாய்கள் தூசி படிந்து காத்திருந்தன. விடுதிகளில் அவனுக்கென்று விரித்த கட்டில்கள் இருந்தன, மெத்தையில் பெட்டி அளவுக்கு ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் சுருண்டு படுத்துக்கொண்டான்.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம் மாலெட் க்ரீக்கில் இறங்கினான். வாசலில் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் பின்னாலுள்ள மண் ஓடுதளத்தில். வராந்தாவில் கிரிஜா உட்கார்ந்திருந்தாள், நெற்றியோரம் நரைத்திருந்தது. எதிர் நாற்காலியில் பெட்டி. நடுவில் அந்தப் பித்தளை ஃபில்டர், இரண்டு டம்ளரில் காபி. தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பிறந்த குழந்தையைப் பற்றி, போன மழையில் வெள்ளம் சூழ்ந்த ராத்திரி பயந்ததைப் பற்றி, திருச்சியை விட்டு வந்ததற்கு உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான் என்பதைப் பற்றி. ரேடியோவில் ஒருநாளும் சொல்லாததெல்லாம் தாராளமாக வந்துகொண்டிருந்தது. மகாதேவன் படியேறி வந்து அவள் முன்னால் நின்றான். அவள் பார்வை அவனைத் தாண்டிப் பெட்டிக்குப் போனது. என்னை மன்னித்துவிடு என்றான். அது அவளுக்குக் கேட்கவில்லை, அவள் பேச்சை நிறுத்தவும் இல்லை.

அவன் பெட்டியைத் தூக்கினான். வேட்டியையும் சவர சாமானையும் கிரிஜா எப்போதோ எடுத்து வைத்துவிட்டாள், அதற்குள் எதுவும் இல்லை, ஆனாலும் கனத்தது. நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு, அவள் சொல்வதை இருட்டும் வரை கேட்டான். நடுவில் எந்த யோசனையும் சொல்லவில்லை. அவனுக்கான டம்ளரை எடுத்துக் குடித்தான். இரண்டு வருடமாக அந்த இரண்டாவது டம்ளரை ஆறிய பிறகு செடிக்கு ஊற்றி வந்தவள் கிரிஜா. வழக்கம்போல எடுக்கக் கையை நீட்டினாள். டம்ளர் காலியாக இருந்தது. அதைச் சாய்த்து அடியைப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டாள்.

"ம்" என்றான் மகாதேவன்.

அவள் ஊற்றினாள். மாலெட் க்ரீக்கில் பழைய ஆட்களைக் கேட்டால் டாக்டரின் கணவர் எழுபத்தைந்திலேயே வந்துவிட்டார் என்பார்கள். நல்ல மனிதர், அதிகம் பேச மாட்டார், எப்போதும் மடியில் ஒரு பெட்டி இருக்கும். பிறகு ஒரு ஜூலையில் இன்னொரு தடவை வந்தார், அப்போது மட்டும் ஓடுதளத்தில் கொஞ்சம் சத்தம் கேட்டது.