தம்பியிடம் கேட்காத கேள்வி

ரத்தப் பரிசோதனைக்கு யார் வந்தாலும், ஒரு கேள்வி கேட்காமல் அக்கா ஊசியைத் தொடமாட்டாள். "ஸ்டீராய்டு மாத்திரை ஏதாச்சும் போடுறீங்களா?" கிருமியே இல்லாதவனுக்கும் அந்த மாத்திரை வெள்ளணுக்களை ஏற்றிக் காட்டிவிடும். இதைக் கேட்க மறந்ததற்காக லேபில் எத்தனை பேரை வறுத்தெடுத்திருக்கிறாள்! அப்படிப்பட்டவள் சொந்தத் தம்பியிடம் மட்டும் கேட்கவில்லை.

அவனுக்குக் கொதிக்கிற காய்ச்சல், அடித்துப் போட்ட மாதிரி உடம்பு வலி. "வந்துட்டியா ரத்தக்காட்டேரி" என்று அந்த நிலைமையிலும் கிண்டல்.

"வாயை மூடிட்டுக் கையை நீட்டுடா."

லேபில் இயந்திரம் வெள்ளணுக்களை எக்கச்சக்கமாகக் காட்டியது. ஃப்ளூ என்றால் பெரும்பாலும் குறையும், இல்லையென்றால் அப்படியே இருக்கும். இப்படி எகிறாது; எகிறினால் பாக்டீரியா. டாக்டர், "எதுக்கும் மூக்குல குச்சி விட்டு ஃப்ளூவான்னு பாத்துடலாமே" என்றார்.

"வேணாம் சார், இது பாக்டீரியாதான்" என்று அடித்துச் சொன்னாள். அவரும் நம்பினார். இத்தனை வருஷ அனுபவம், சும்மாவா!

நெஞ்சு பலவீனமான அப்பா, தம்பியின் அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "பக்கத்துல போகலாமாம்மா? ஒட்டிக்குமோ?"

"ஃப்ளூ இல்லப்பா. தாராளமாப் போங்க."

அவ்வளவுதான், மனிதர் மகன் கட்டிலைவிட்டு அசையவில்லை. தண்ணீர் புகட்டினார், முதுகைத் தடவினார், அவன் இருமலையெல்லாம் முகத்திலேயே வாங்கிக்கொண்டார்.

தம்பி தேறினான். அப்பா படுத்தார். ஆஸ்பத்திரியில் அவர் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். ஃப்ளூ. வெள்ளணுக்கள் குறைந்து கிடந்தன. நுரையீரல் தாங்கவில்லை, போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து தம்பியின் படுக்கையை உதறியபோது, பாதி காலியான மாத்திரை அட்டை ஒன்று கீழே விழுந்தது. ஸ்டீராய்டு. ரத்தம் எடுப்பதற்கு முந்தின நாள், "மூச்சு இழுக்குதுக்கா" என்று அவன் திணறியபோது, அவளே தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அடிப்பாவி! ஊரையெல்லாம் கேட்டவளுக்குத் தன் கையால் கொடுத்தது மறந்துபோச்சே. அப்போது புத்தி எங்கே புல் மேயப் போயிருந்தது? தரையில் உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதாள்.

சத்தம் கேட்டுத் தம்பி ஓடிவந்தான். "அழாதக்கா. எனக்கு ஒண்ணுதான் புரியல. வீட்டைவிட்டு வெளியவே போகாத மனுஷனுக்கு இது எங்கேருந்து வந்துச்சு? எனக்குத்தான் ஃப்ளூ இல்லையே?"

அவள் அட்டையை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினாள். உண்மையைச் சொன்னால், அப்பாவுக்கு ஒட்டவைத்தவன் இவன் என்றாகிவிடும். ஆயுசுக்கும் அதைச் சுமப்பான்.

"என்னாலதான்டா" என்றாள். "லேப்லேருந்து நான்தான் கொண்டுவந்திருப்பேன்."

"சும்மா இரு அக்கா, நீ என்ன பண்ணுவ பாவம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து, அப்பா அவனுக்குத் தடவியது போலவே அவள் முதுகைத் தடவிக்கொடுத்தான்.